ஏனோக்கின் இடது கால்

சுரங்கத்தில் பாறை சரிந்து என் புருஷன் ஏனோக்கின் இடது கால் நசுங்கியது. மூன்றாம் நாள் கால் கறுத்து, ஆஸ்பத்திரி வார்டே நாறியது. காலை எடுக்காவிட்டால் உயிர் நாளைவரை தாங்காது என்று வெள்ளைக்கார டாக்டர் சொன்னதாகக் கம்பவுண்டர் சின்னசாமி வந்து சொன்னார்.

"வேணாம்," என்றார் ஏனோக். "கடைசி நாள்ல எக்காளம் ஊதறப்போ எல்லாரும் முழு ஒடம்போட எழுந்து வருவாங்க. நான் மட்டும் நொண்டிக்கினு கர்த்தர் முன்னால நிக்கணுமா?"

அவருக்கு இருபது வயது. எங்கள் சபையில் வேத வகுப்பு நடத்தும் உபதேசியார் தும்மினாலும் அதில் அர்த்தம் தேடுவார். அதே வகுப்பில் உட்கார்ந்தவள்தான் நானும். எனக்கும் அந்த நாளை நினைத்தால் நடுக்கம்தான். ஆனால் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. அவர் செத்துவிடுவார் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எடுத்த கால நம்ம சபைக் கல்லறையில பொதைச்சிட்டா இன்னாங்க?" என்று கேட்டேன். "அன்னிக்கு எடுத்துக்கலாம் இல்ல?"

வேதப்புத்தகத்தின்மேல் என்னைச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார்.

அறுவை முடிந்ததும் காலை வாங்கிக்கொள்ள வெள்ளைத் துணியோடு ஓடினேன்.

"காலாம்மா?" என்றார் சின்னசாமி. "அழுகின காலாச்சே, அப்பவே சூளையில போட்டு எரிச்சிட்டாங்க."

"சாம்பலாவது குடுங்கண்ணே."

"கரியோட கரியா வாரிக் கொட்டியாச்சு. எதுன்னு எடுத்துக் குடுப்பேன்?"

கல்லறைக்குப் போய் நானே குழி தோண்டி, அந்த வெறுந்துணியைப் புதைத்து மண்ணை மேடாக்கினேன். அவர் கண் விழித்ததும், "பொதைச்சிட்டேங்க," என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பொய் சொன்னதற்கு நரகம் என்று உபதேசியார் சொல்லியிருக்கிறார். போனால் போகிறது, அவர் பிழைத்தாரே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கட்டையை ஊன்றிக்கொண்டு அந்த மேட்டுக்குப் போகிறார். புல் பிடுங்குகிறார். மகளையும் அங்கே மண்டியிட வைக்கிறார். அவள் ஜெபம் முடிக்கும்வரை எனக்கு மூச்சே வருவதில்லை.

போன வாரம் சொன்னார்: "நம்ம ரெண்டு பேரையும் இங்கியே பொதைக்கச் சொல்லியிருக்கேன், ஜூடித். கடைசி நாள்ல எழுந்ததும் மொதல்ல இதைத்தான் தோண்டுவேன். நீ பக்கத்துல இருந்து என்னைப் புடிச்சிக்கோ."

"சரிங்க," என்றேன்.