ஆரியங்காவில் இறங்காதவர்கள்

மலை பார்க்கப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொள் என்று ராஜதாஸ் சொன்னபோது சத்தியபாய்க்குச் சிரிப்பு வந்தது. மலை பார்க்கப் போகிறவர்கள் எப்படி உடுத்துவார்கள் என்று பாறசாலையில் யார் கண்டது? கடைசியில் கல்யாணப் பட்டையே எடுத்துக் கட்டிக்கொண்டாள். காலில் புதுச் செருப்பு. கல்யாணமாகி மூன்று மாதம்தான். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் குற்றால சீசனுக்குப் போகிறார்கள் என்று பார்க்கிறவன் நினைத்துக்கொண்டால் போதும்.

உண்மையில் ராஜதாசைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. ஐம்பத்து நாலாம் வருஷம், ஆகஸ்டு மாதம். மலையாள ராஜ்யத்தில் கிடந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனவர்களைச் சுட்டுத் தள்ளிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சுட்டதோடு மனம் ஆறவில்லை போலும். வீடு வீடாக வந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ராஜதாஸ் பள்ளிக்கூட வாத்தியார். ஊர்வலத்தில் கொடி பிடித்தவன், மேடையில் பேசியவன். பிடிபட்டுத் திரும்பி வந்தவர்களின் கோலத்தைச் சத்தியபாய் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதில் ஒருவருக்குக் கையைத் தூக்கிச் சோறு தின்ன முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான்: இவர் அவர்கள் கையில் சிக்கக்கூடாது.

வெள்ளறடையில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் ஒன்பது நாள் ஒளிந்திருந்தார்கள். பிறகு ராஜதாஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். திருவனந்தபுரத்தில் ரயிலேறி ஆரியங்காவில் இறங்குவது. அங்கே எஸ்டேட்டில் வேலை செய்யும் அவனுடைய சித்தப்பா மகன் சுந்தரதாஸ் பிளாட்பாரத்தில் நிற்பான், மலைப்பாதையில் கூட்டிப்போவான். மலைக்கு அந்தப் பக்கம் குற்றாலம், சென்னை ராஜ்யம். இந்தப் போலீசின் தடி அங்கே நீளாது.

சத்தியபாய் ரயிலில் ஏறியதே இல்லை. புனலூர் தாண்டியதும் பின்னாலும் ஒரு இன்ஜினை மாட்டினார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, வண்டி முக்கி முனகி மலையேறியது. கீழே, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழத்தில், காட்டாறு ஓடியது. குகைக்குள் நுழைந்ததும் பெட்டி இருண்டு, கரிப்புகை மூக்கில் ஏறி, பிள்ளைகளும் பெரியவர்களும் கூச்சல் போட்டார்கள். சத்தியபாயும் கூச்சல் போட்டாள். உயிருக்குப் பயந்து ஓடும் ஓட்டத்தில் சந்தோஷம் வரலாமா? வந்தது. என்ன செய்ய?

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"பயப்படண்டாம். நேத்து சபையில நமக்கு ஜெபம் பண்ணியாச்சு."

"ஆரு பண்ணினா?"

"உபதேசியாராக்கும். கொட்டகைக்குக் கஞ்சி கொண்டுவந்த ரத்னபாய் அக்காகிட்ட சீட்டு எளுதிக் குடுத்துவிட்டேன்."

அவர்கள் சபையின் வழக்கம் அது. யார் எங்கே பயணம் போனாலும் பெயர், ஊர், நாள் எழுதிச் சீட்டுக் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார், சபை ஆமென் சொல்லும். பெயரில்லாத சீட்டை வாசிக்கமாட்டார். யாருக்காக என்று ஆண்டவர் ஊகிக்கணுமோ என்று கேட்பார். சத்தியபாய் பிறந்ததிலிருந்து சீட்டுக் கொடுக்காமல் தூரத்துப் பஸ் ஏறியதில்லை. ஒளிந்து ஓடுவதும் பயணம்தானே என்று அவளுக்குத் தோன்றியது. ஆண்டவரைத் தவிர மற்றவர்களுக்கும் காது உண்டு என்பது மட்டும் தோன்றவில்லை.

"என்னத்த எளுதின?" அவன் குரல் இறங்கிவிட்டது.

"எப்பவும் எளுதியதுதான். ராஜதாசும் சத்தியபாயும் திங்கக்கெளம ரயில்ல ஆரியங்காவு போறாவ, சுகமா போய்ச் சேரணும்னு."

"எட்டி, மூணாவது பெஞ்சுல ராபின்சன் ஏட்டு இருப்பானே!"

ராபின்சன், போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, சபையில் பாடகர் குழு. ஒரு ஞாயிறு தவறமாட்டான். சத்தியபாய் தன் கையாலேயே எழுதிப் புருஷனைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

ஆரியங்காவுக்கு முன்னாலேயே, எடப்பாளையம் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினார்கள். ராஜதாஸ் மரத்தடியில் ஒதுங்கி நின்றான். தண்டவாளத்தில் சுத்தியலோடு ஒரு கேங்மேன் ஆரியங்காவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"எனக்க மொகத்த அவரு காணண்டாம். நீ போய்ச் சொல்லு. சுந்தரதாஸ் ஒண்ணும் அறியாம அங்க நிப்பான். உடனே வீட்டுக்குப் போவச் சொல்லணும். நம்மள காணலேன்னா அவனப் பிடிப்பாங்க."

சத்தியபாய் போனாள். "எந்தா மோளே?" என்று கேட்டார் கேங்மேன். நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். ராபின்சனும் நல்ல மனுஷன் மாதிரிதான் இருப்பான், கண்ணை மூடிப் பாடுவான். இவரிடம் சொன்னால் இரண்டு பேர் இந்த வழியாக மலையேறினார்கள் என்று இவருக்குத் தெரிந்துவிடும். இவர் ஒரு வார்த்தை விட்டால் போதும். ஒரு தடவை கெடுத்தது போதாதா?

"குடிக்கான் கொறச்சு வெள்ளம் கிட்டுமோ?" என்று கேட்டாள். அவர் டப்பாவைத் திறந்து கொடுத்தார். குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சொல்லியாச்சு."

வழி தெரியாத மலை. மழை விட்டு விட்டுப் பெய்தது. புதுச் செருப்பு அறுந்தது. அதைப் புதரில் வீசினாள். அட்டைகள் முழங்கால்வரை ஏறின. பிய்த்துப் போடப் போட ரத்தம் வழிந்து கல்யாணப் பட்டின் கரையில் ஊறியது. ராஜதாஸ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான். வெயில் தாழும் நேரத்துக்கு உச்சியை எட்டினார்கள். கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி, வயல், குளம். அவன் பன்னிரண்டு நாளைக்குப் பிறகு சிரித்தான்.

"சுந்தரதாஸ் இந்நேரம் வீட்டுல கஞ்சி குடிச்சிட்டு இருப்பான்."

இந்தப் பக்கம் கீழே, ஆரியங்காவை நோக்கிச் சாயங்கால வண்டி புகைவிட்டுக்கொண்டு போயிற்று. அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் இவர் திரும்பி ஓடுவார். அவள் கிழக்கே பார்த்து இறங்கத் தொடங்கினாள்.

தென்காசியில் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். நாலாம் நாள் பாறசாலையிலிருந்து ஜெயசிங் தப்பி வந்தான். ராஜதாசோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன்.

"சுந்தரதாச ஆரியங்காவு பிளாட்பாரத்தில வச்சுப் பிடிச்சிட்டாவ. நீ வந்தாத்தான் விடுவாங்களாம். அடி சொல்லி முடியாது மக்கா."

ராஜதாஸ் மனைவியைப் பார்த்தான். "நீ சொல்லியனுப்பினியே?"

ஜெயசிங் மெல்ல வெளியே போனான்.

"சொல்லல்ல," என்றாள். "அந்தாளு காட்டிக்குடுத்திருவாரோன்னு பயந்தேன். எனக்கு நீங்க வேணும். அதுதான்."

அவன் அடிக்கவில்லை, திட்டவில்லை. இரண்டு அடி வைத்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் காலை கொல்லம் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவள் ஜன்னல் கம்பியை விடவில்லை.

"எங்கிட்ட பேசமாட்டீங்களா?"

"வந்து பேசலாம்," என்றான். வண்டி புறப்பட்டது.

அவன் போன பன்னிரண்டாம் நாள் சுந்தரதாஸ் வந்தான். ராஜதாஸ் லாக்கப்பில் மூன்றாம் நாளே செத்துப்போயிருந்தான். மார்வலி என்று எழுதிக்கொண்டார்களாம். சுந்தரதாஸ் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். ஒரு கண் திறக்கவில்லை. அவள் சொல்லியனுப்பாத கதையை ராஜதாஸ் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

"மைனி, எனக்க தப்பாக்கும்," என்று அழுதான். "பிளாட்பாரத்தில போலீசு நிக்கியத நான் கண்டேன். வண்டி வந்திச்சு, நீங்க இறங்கல்ல. அப்பவே நான் ஓடியிருக்கலாம். ஓடியிருந்தா அண்ணன் இண்ணைக்கு உண்டு. சாயங்கால வண்டியில ஒருவேள வந்திட்டியன்னா, போலீசு நிக்குதுன்னு உங்களுக்கு ஆரு சொல்லுவா? அதுக்காக்கும் அங்கயே நின்னேன்."

சத்தியபாயால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று தலையை நிமிர்த்தினாள்.