படிக்க இயலவில்லை

"படிக்க இயலவில்லை" என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கிஷினேவ் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து முப்பத்தோரு வருடங்களாக மற்றவர்களின் தாத்தாக்களைத் தேடிக் கொடுக்கிறேன். மை பரவியிருக்கும், எலி கடித்திருக்கும், எழுதின குமாஸ்தா குடித்திருப்பான். எல்லாம் உண்மைதான். ஆனாலும் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, அதே குமாஸ்தா போன வருடம் எழுதினதோடு ஒப்பிட்டு அரை நாள் செலவழித்தால் எதையும் படித்துவிடலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் அந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இதற்காகவே பலரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். ப்ரோன்யா வாயில் விழாதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவைப்பார்களாம்.

இப்போது அறுபத்திரண்டு வயது. கண்ணும் இடுப்பும் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. கடல் கடந்து கடிதம் எழுதுகிற எல்லோருக்கும் தங்கள் முன்னோர் ஒரு பெரிய ரபியாக, பேர்போன யூத குருவாக இருந்தே தீர வேண்டும். குதிரை திருடினவன், பெண்டாட்டியை விட்டு ஓடினவன் வம்சத்திலிருந்து ஒருவர்கூட இந்த ஊரைவிட்டுப் போகவில்லை போலிருக்கிறது. கோப்பில் திருடன் கிடைத்தால் எனக்குத்தான் திட்டு விழும்.

எஃபீம் ககான் ஒருவன்தான் தலைகீழாகக் கேட்டான்.

"எங்க முப்பாட்டன் ஒரு மோசடிப் பேர்வழின்னு கண்டுபிடிச்சுக் குடு ப்ரோன்யா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

காரணம் நான்தான். மனைவி இறந்து ஆறு வருடம் தனியாக இருந்தவன் அவன். நானும் தனி. டிராலிபஸ் தடத்தின் இந்தக் கோடியில் என் வீடு, அந்தக் கோடியில் அவன் வீடு. இரண்டு வருடமாக ஒருவருக்கொருவர் சூப் எடுத்துக்கொண்டு போய்வந்தது போதும், கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அப்புறம்தான் பெயர் குறுக்கே வந்தது.

ககான் என்பது கோஹேன்தான். ரஷ்ய எழுத்தில் ஹ கிடையாது, க ஆகிவிட்டது. கோஹேன் என்றால் எருசலேம் தேவாலயம் இருந்த காலத்து ஆசாரியர் வம்சம். தேவாலயம் இடிந்து இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது, விதிகள் மட்டும் இடியவில்லை. கோஹேன் கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது. விதவையை மணக்கலாம். தள்ளுதற்சீட்டு, அதாவது மத முறைப்படி விவாகரத்து, வாங்கினவளை மணக்கக் கூடாது.

நான் சீட்டு வாங்கினவள். என் புருஷன் க்ரீஷா தொண்ணூற்றொன்றில் இஸ்ரேலில் உள்ள ஹைஃபாவுக்குப் போனான். இரண்டு வருடம் கழித்து, அங்கே வேறொருத்தியைக் கட்ட வேண்டும், சீட்டை வாங்கிக்கொள் என்று எழுதினான். வேறு பெண்ணாக இருந்தால் போடா என்று விட்டிருப்பாள். காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வியாதி. ஒடேசாவுக்கு பஸ் பிடித்துப் போய், இரண்டு சாட்சிகளின் முன்னால் இரண்டு கைகளையும் ஏந்தி அதை வாங்கிக்கொண்டு வந்தேன். போன வருடம் க்ரீஷா செத்துப்போனான். அந்தச் சீட்டை வாங்காமல் இருந்திருந்தால் நான் இன்று விதவை, எந்தத் தடையும் இல்லை.

"கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கலாம் நீ," என்றான் ஃபீமா. அவனை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவோமே. யார் கேக்கப் போறா?" என்றேன்.

"முதல் தடவை அப்படித்தான் போட்டேன், லெனின் படத்துக்குக் கீழ. இந்தத் தடவை பந்தலுக்குக் கீழ நிக்கணும். அதோட, ஜெப ஆலயத்துல மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. இருக்கிறதே நாப்பது பேர். அவங்களும் பேசலைன்னா நான் யார்கிட்ட போய்ப் பேசறது?"

அந்த நாற்பது பேரில் கோஹேன் அவன் ஒருவன்தான். பண்டிகை நாட்களில் அவன் கைகளை நீட்ட, லேவி வம்சத்துக் கிழவர் ஒருவர் செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றுவார். பிறகு அவன் செருப்பைக் கழற்றி, மேடையேறி, சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து இரு கைகளையும் உயர்த்தி ஆசீர்வாதம் சொல்வான். அப்போது யாரும் பார்க்கக் கூடாது. பெண்கள் மாடத்திலிருந்து நான் பார்ப்பேன். ரிட்டயரான பாய்லர் மெக்கானிக், முதுகுவலிக்காரன், அந்த இரண்டு நிமிடம் மட்டும் நிமிர்ந்து நிற்பான்.

"கோஹேன் இல்லைன்னு ஆயிட்டா மேடை ஏறுறதும் போயிடுமே, ஃபீமா."

"போகட்டும். ரொம்ப நேரம் தூக்கி வெச்சா தோள் வலிக்குது."

இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ஜெப ஆலயத்து ரபி சின்ன வயது, வெளிநாட்டிலிருந்து வந்தவர், நல்ல மனிதர். தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"பேரை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துல பட்டாளத்துக்குப் பயந்து எவ்வளவோ பேர் அடுத்தவன் பேரை வாங்கிக்கிட்டாங்க. அந்த மாதிரி ஒரு காகிதம் கொண்டாங்க. அப்புறம் முப்பாட்டனோட கல்லறைக் கல்லையும் பாருங்க. அதுல கோஹேனோட ரெண்டு கை செதுக்கியிருந்தா, என்னை மன்னிச்சிடுங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இல்லைன்னாலும் சரி, கல்லே அழிஞ்சுபோச்சுன்னாலும் சரி, சந்தேகத்தை உங்க பக்கம் வெச்சு நடத்திக் குடுத்துடறேன்."

"கல்லைப் பாக்க யாரை அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

"யாரை அனுப்பறது? நீங்க எழுதிக் குடுத்தா போதும், ப்ரோன்யா அப்ரமோவ்னா. உங்க கையெழுத்தை நம்பி எத்தனை கல்யாணம் நடந்திருக்கு."

அது நிஜம். அம்மா யூதப் பெண், அப்பா யூதர் என்று நான் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு போய் இஸ்ரேலில் மணமேடை ஏறினவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றி எழுதினதில்லை. அழுதுகொண்டு வந்து நின்றவர்களுக்காகவும் மாற்றினதில்லை.

காகிதம் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. ஓர்ஹேய் வட்டத்துப் பட்டாளக் கோப்பு, 1883. ஒரே மகனாக இருந்தால் பட்டாளத்துக்குப் போக வேண்டாம் என்று அப்போது சட்டம். கோப்பின் நடுவில் ஒரு மொட்டைக் கடிதம். பக்கத்து வீட்டுக்காரனாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு பொறாமை. "விதவை ககானின் ஒரே மகன் லெய்ஸர் என்று சொல்லிக்கொள்கிறவன் அவளுடைய மகன் அல்ல. மேயிர் ககானுக்குப் பிறந்த பிள்ளை நாலு வயதில் செத்துவிட்டது. இவன் பூட்ஸ் தைக்கிற இத்ஸ்கோ ஷ்டிவெல்மனின் மூன்றாவது மகன்." இந்த லெய்ஸர்தான் ஃபீமாவின் முப்பாட்டன்.

காப்பகத்துக்கு எதிரே உள்ள கடையில் பாலாடைக்கட்டி வைத்த ப்ளசிந்தா வாங்கிச் சாப்பிட்டோம். ஃபீமா நகலை எண்ணெய்க் கையால் தொட்டு என்னிடம் திட்டு வாங்கினான்.

"மொட்டைக் கடுதாசி போட்ட புண்ணியவான் எங்க இருக்கானோ. அவனுக்கு ஒரு கிளாஸ் ஒயின் ஊத்தணும்."

"கல்லைப் பாத்துட்டு ஊத்துவோம்."

"ஷ்டிவெல்மன் கல்லுல கோஹேன் கை எங்கருந்து வரும்?" என்று சிரித்தான். அவன் வீட்டுச் சுவரில் எந்தப் பக்கம் என் புத்தக அலமாரி வரும் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

நானும் நம்பினேன். எனக்கு அந்த அலமாரி வேண்டும். எட்டரை மணி டிராலிபஸ்ஸிலிருந்து இறங்கி, இருட்டு வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. மிச்ச வருடங்களுக்கு என்னோடு சண்டை போட வீட்டில் ஒரு ஆள் வேண்டும். இதற்கு மேல் பெரிதாக எதையும் நான் கேட்கவில்லை.

பஸ்கா பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பு ஓர்ஹேய் போனோம். பனி கரைந்து எங்கும் சேறு. ஃபீமா வழக்கம்போலக் கல்லறைத் தோட்டத்து வாசல் தூணருகே நின்றுவிட்டான். தாயை அடக்கம் செய்தது இங்கேதான். பெற்றவளின் அடக்கத்துக்குக் கோஹேனும் வரலாம். ஆனால் ஜெப ஆலயத்துக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்த இந்தப் பதினைந்து வருடமாக அவன் உள்ளே போனதில்லை. தாயின் நினைவுநாளில் வாசலில் நின்று ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவான்.

தண்ணீர் கேன், தேய்க்கிற பிரஷ், முகம் பார்க்கும் கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். அடக்கச் சங்கத்தின் பழைய புத்தகப்படி பன்னிரண்டாம் வரிசை, ஏழாவது கல். முள்ளை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கல் ஒரு பக்கம் சாய்ந்து, மேலிருந்து கீழ்வரை பாசியாக இருந்தது. அப்படியே திரும்பியிருக்கலாம். என் கை என் பேச்சைக் கேட்காது. தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன்.

இரண்டு கைகள் வந்தன. கட்டைவிரல்கள் தொட்டபடி, மற்ற விரல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து, ஃபீமா மேடையில் பிடிப்பதைப் போலவே.

சரி, பெயரைப் பார்த்துக் கல்தச்சன் செதுக்கியிருப்பான் என்று நினைத்தேன். ககான் என்று சொன்னால் அவனும் வேறென்ன செய்வான்? கண்ணாடியால் வெயிலைப் பிடித்துக் கல்லின் மேல் பக்கவாட்டில் அடித்தேன். அப்படிச் செய்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். எழுந்து நின்றது. "லெய்ஸர், கோஹேன் யித்ஸ்ஹோக்கின் மகன்." மேயிரின் மகன் என்று இல்லை. யித்ஸ்ஹோக்கைத்தான் வீட்டில் இத்ஸ்கோ என்பார்கள். அரசாங்கத்துக்கு ஒரு அப்பாவைக் காட்டியவனுக்கு அடக்கச் சங்கத்தார் சொந்த அப்பாவின் பெயரையே எழுதியிருந்தார்கள். பூட்ஸ் தைத்த ஷ்டிவெல்மனும் கோஹேன்தான். ஒரு கோஹேன் இன்னொரு கோஹேனின் காகிதத்தை வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான் நடந்தது.

ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. யாராவது வந்து கைகொடுத்துத் தூக்கினால்தான் எழுந்திருக்க முடியும் என்று தோன்றியது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு கல்லின் மேல் இவ்வளவு கோபம் வந்ததில்லை. கடைசியில் நோட்டைத் திறந்து, வரிசை பன்னிரண்டு, கல் ஏழு என்று எழுதி, அதன் எதிரே "படிக்க இயலவில்லை" என்று எழுதினேன். தேதியும் கையெழுத்தும் போட்டேன். கையெழுத்து எப்போதும்போல நன்றாகவே விழுந்தது.

வாசலுக்கு வந்தேன்.

"என்ன ஆச்சு?" என்றான் ஃபீமா.

"படிக்க முடியல. எல்லாம் அரிச்சுப்போச்சு."

அவன் என்னையே பார்த்தான். என் நகக்கண்ணெல்லாம் பாசி. முழங்கால்வரை சேறு. கையில் கண்ணாடி.

"போட்டோ எடுத்தியா?"

"எடுக்கல."

"நீயா எடுக்கல?"

"அதான் ஒண்ணுமே தெரியலையே. எதை எடுக்கறது?"

அவன் கொஞ்ச நேரம் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"அப்படின்னா நான் உள்ள வரலாம்ல?" என்றான்.

இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. கோஹேன் இல்லை என்றால் வரலாம்தான். குளிர்ந்த ஆற்றில் இறங்குகிறவனைப் போல ஒரு காலை வைத்து, நின்று, மற்றக் காலையும் வைத்தான்.

"அம்மா எந்தப் பக்கம்? மறந்தே போச்சு."

பன்னிரண்டாம் வரிசை பக்கம் போகாமல் சுற்றுவழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லில் பதித்த தாயின் படத்தை அவன் கைக்குட்டையால் துடைத்தான். எங்கள் வழக்கப்படி கூழாங்கல் ஒன்றைத் தேடி எடுத்து மேலே வைத்தான். நான் தள்ளி நின்றேன். ரொம்ப நேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். என் பெயர் ஒரு தடவை காதில் விழுந்தது.

திரும்பும்போது சுற்றுவழியில் வரவில்லை. நேரே நடந்தான்.

"ஃபீமா, அந்தப் பக்கம் ஒரே சேறு."

"இருக்கட்டும்."

தேடவே வேண்டியிருக்கவில்லை. கறுத்துப்போன அந்த வரிசையில் அது ஒன்றுதான் வெள்ளையாக, இன்னும் ஈரமாக நின்றது. அவன் அதன் எதிரே நின்றான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான். எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அவனுக்கு உதடு அசையும். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அசைந்தது.

"நோட்டுல இருக்கிறதைக் கிழிச்சிடறேன்," என்றேன். "ரபிகிட்ட நானே சொல்லிடறேன். வாரத்துல ரெண்டு நாள் சூப் கொண்டு வர்றேன், அது போதும் நமக்கு."

அவன் கல்லின் மேல் ஒரு கூழாங்கல்லை வைத்தான்.

"எதுக்குக் கிழிக்கணும்? நானும்தான் பாத்தேன். படிக்க முடியல."

"ஃபீமா."

"பஸ்காவுக்கு மேடை ஏற வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு ரபியை."

"வேற ஆள் இல்லையே."

"இல்லதான்," என்றான்.

வாசலைத் தாண்டியதும் கை கழுவ வேண்டும், அது எல்லோருக்கும் உள்ள வழக்கம். கேனில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவன் கைகளை நீட்டினான். மேடை ஏறுவதற்கு முன் லேவிக் கிழவரிடம் எப்படி நீட்டுவானோ அப்படியே நீட்டினான். நான் ஊற்றினேன். தண்ணீர் தீர்ந்த பிறகும் கைகள் அப்படியே இருந்தன. பிறகு துடைக்காமலே இரண்டையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "வா, பஸ் போயிடும்," என்றான்.