கை வாழட்டும் என்ற சொல்

தெல் நூரா கிராமத்திலிருந்து மெல்பர்னுக்குக் குடிபோனவர்களின் நிழல்கள் அவர்களோடு போகவில்லை. ஊரிலேயே தங்கிவிட்டன. சனிக்கிழமை சாயங்காலமானால் மாதா கோவிலுக்கு வந்து, ஆட்கள் இருந்தபோது எந்தெந்த ஊழியத்தைச் செய்தார்களோ அதையே செய்தன. விளக்குமாற்றின் நிழலைப் பிடித்து இழுத்தால் விளக்குமாறு பின்னாலேயே போயாக வேண்டும், அதற்கு வேறு வழியில்லை. ஆயுதக்காரர்கள் வந்து ஊரை எரித்தபோது ஓடிப்போய், அவர்கள் துரத்தப்பட்ட பிறகு திரும்பி வந்த குடும்பங்களும் ஒவ்வொன்றாக விசா வாங்கிக்கொண்டு கிளம்பின. அந்த வருஷங்களில் கோவில் சுத்தமாகவே இருந்தது. மெல்பர்ன் வெயிலில் இவர்களுக்கு நிழல் விழாததை யாரும் கவனிக்கவில்லை. வேலைக்கு ஓடுகிறவனின் காலடியை எவன் பார்க்கிறான்?

ஊழியக்காரர்களில் உடலோடு மிஞ்சியவள் ஷ்மூனி ஒருத்திதான். அவள் மகன் பெஹ்னாமின் நிழல் மணி அடித்தது. சின்ன வயதில் கோபுரத்திலிருந்து விழுந்து அவனுக்கு வலது கால் சற்று இழுக்கும்; நிழலும் இழுத்துத்தான் நடந்தது. மகன் பெரிய பண்டிகைக்குத்தான் போன் செய்வான். நிழலோ வாரம் தவறாது. அவள் மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு, ஏலக்காய் போட்ட தேநீரைக் குடித்தபடி ஊர்க்கதையெல்லாம் அதனிடம் சொல்வாள். பெற்ற வயிற்றுக்கு அதுவே போதும் என்று நினைத்திருந்தாள்.

அந்த ஊரில் வேலை செய்துகொண்டிருப்பவரிடம் 'தெம்பா இருங்க' என்பார்கள். வேலை முடிந்தவரிடம்தான் 'உங்க கை வாழட்டும்' என்பது. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் அவரை வேலை ஏவக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் கோவில் முற்றத்தில் முள்ளைக் குவித்து நெருப்பு மூட்டி, பாதிரியார் ஊழியக்காரர்களைப் பார்த்து அதைச் சொல்வார். ஆளுக்கொரு கிலேச்சா, உள்ளே பேரீச்சம்பழம் வைத்த ரொட்டி, எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நிழல்கள் வரத் தொடங்கிய பிறகு ஷ்மூனி அதைச் சொல்ல விடவில்லை. ரொட்டிக் கடைக்காரன் ஒருமுறை பழக்க தோஷத்தில் தன் தம்பியின் நிழலிடம் சொல்லித் தொலைத்தான். அது தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனது போனதுதான். அதிலிருந்து கிறிஸ்துமஸ்தோறும் பாதிரியார் யல்தா வாயெடுத்தால் அவள் முந்திக்கொண்டு, வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று தடுத்துவிடுவாள். நன்றி கெட்டவள் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும் என்றிருந்தாள்.

கடைசியாக நிழல்கள் கூடிய வருஷம் பெஹ்னாம் பண்டிகைக்கு முன்னாலேயே போன் செய்தான். குரல் செத்துக் கிடந்தது.

"ராத்திரி முழுக்கத் தூங்குறேம்மா. எந்திரிச்சா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. டாக்டர் ஒண்ணுமில்லங்கறாரு. லாரி ஓட்டறப்பவே கண்ணு சொக்குது. ரெண்டு தடவ வண்டி ரோட்ட விட்டு எறங்கிருச்சு."

எந்தக் கிழமை மோசம் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றான்.

"கையில வேற தழும்பு. கயிறு அறுத்த மாதிரி. நான் எங்கம்மா கயிறு புடிக்கிறேன்?"

ஷ்மூனி போனை வைத்தாள். இங்கே சனிக்கிழமை சாயங்காலம் மணி அடிக்கையில் அங்கே ஞாயிறு பிறந்திருக்கும். மகனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கொண்டிருந்தது தான்தான் என்று தெரிந்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் முள் நன்றாகப் பற்றியது. கோவில் சுவரில் நிழல்கள் வரிசையாக நின்றன. உயிரோடு நின்றவர்கள் பாதிரியாரும் அவளும் சில கிழவர்களும்தான். இந்த வருஷம் அதைச் சொல்லிவிடுங்கள் என்றாள் அவரிடம்.

"சொல்லிட்டா நாளைக்கு மணி அடிக்க ஆளில்லக்கா" என்றார் யல்தா.

"கேக்க மட்டும் ஆளிருக்கா சாமி? சொல்லுங்க. எம்புள்ள தூங்கட்டும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, கை வாழட்டும் என்றார். நிழல்கள் தட்டருகே வந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டின. கிலேச்சாக்கள் தட்டிலேயே இருந்தன, அவற்றின் நிழல்கள்தான் இல்லை. பெஹ்னாமின் நிழல் கடைசியாக வந்து, சுவரில் ஷ்மூனியின் நிழலுக்குக் குனிந்து அதன் கையை முத்தமிட்டது. அவள் கையில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு காலை இழுத்தபடி அதுவும் போயிற்று.

மறுநாள் பெஹ்னாம் போனில் சிரித்தான். இப்படித் தூங்கி எத்தனை வருஷமாயிற்று என்றான். அப்புறம் ஈஸ்டர் வரை அவன் பேசவில்லை. ஈஸ்டரிலும் அவசரத்தில்தான் பேசினான்.

ஷ்மூனி கூட்டினாள், துடைத்தாள், கோபுரம் ஏறி மணி அடித்தாள். கிழவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். ரொட்டிக் கடைக்காரனும் மெல்பர்னுக்குத் தம்பியிடமே போய்விட்டான். யாரும் தின்னாத அந்த நிழலில்லாத கிலேச்சாக்கள் கெடவுமில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவற்றையே எடுத்துத் தூசி தட்டி வைக்கிறாள். நெருப்பு அணைகிற நேரத்தில் யல்தா அவள் பக்கம் திரும்பி வாயெடுப்பார். கயிறு அறுத்த அவள் உள்ளங்கையைப் பார்ப்பார், மணியைப் பார்ப்பார்.

"தெம்பா இருங்கக்கா" என்பார்.

சரி சாமி என்று அவள் விளக்குமாற்றை எடுப்பாள்.