சத்தம் போடாத சீட்டு

கம்மோடு சீட்டு உடைந்த செய்தியைத் தொலைபேசியில் மகளிடம் சொன்னபோது, உறவில் யாரோ காலமாகிவிட்டதைப் போல அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"விரிசல் விட்டிருந்துச்சுடி. உங்கப்பா தொடையைக் கவ்விப் புடிச்சிடுச்சு. துள்ளி எழுந்ததுல சுவத்துல மோதி விழுந்துட்டார். ஒண்ணும் ஆகல. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத."

மகள் சொல்லாமல் இருப்பாளா? சொல்லிவிட்டாள். அண்ணன் குதித்தான். "இன்னொரு தடவை அந்த வீட்டுல யாராவது விழுந்தாங்கன்னா பூட்டைப் போட்டுட்டு ரெண்டு பேரையும் இங்க தூக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்." அவன் இருப்பது ஒன்பதாவது மாடியில். ஒருமுறை அங்கே தங்கிய நான்கு நாளும் அப்பா ஜன்னல் பக்கமே போகவில்லை. அம்மாவுக்குக் கண் மங்கி மூன்று வருடமாகிறது. சொந்த வீட்டில் சுவரைத் தொட்டுத் தொட்டு அவளே எல்லா வேலையும் செய்துகொள்வாள். அந்த மாடிவீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட ஆள் கூப்பிட வேண்டியிருந்தது. அங்கே போனால் இருவரும் ஒரே வருடத்தில் ஓய்ந்துவிடுவார்கள் என்று மகளுக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் சனிக்கிழமை காலையிலேயே கருவிப் பையோடு வந்து இறங்கினாள்.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வீட்டில் அவளுக்குப் பெயர் நட்டு. ஏழு வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, திரும்ப மூடும்போது இரண்டு நட்டை மிச்சம் வைத்த பெருமையில் ஒட்டிக்கொண்ட பெயர். ஐம்பது வயதாகியும் போகவில்லை.

"நட்டு வந்துட்டாளா?" என்றார் அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார். கம்மோடு இருக்கும் அந்த அறையையும் அதிலுள்ள சாமான்களையும் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. போகும்போது "கை கழுவிட்டு வரேன்" என்பார். இருபது நிமிடம் கை கழுவுவார்.

அந்தப் பழைய சீட்டு வந்து முப்பத்தெட்டு வருடம். அண்ணன் மதில் மேலிருந்து விழுந்து தொடை வரை மாவுக்கட்டோடு கிடந்த வருடம் அது. குந்தி உட்கார்ந்து எழ முடியாத அவனுக்காகத்தான் வீட்டுக்குக் கம்மோடு வந்தது. சீட்டைச் செய்தித்தாளில் சுற்றி, சைக்கிளில் கட்டி எடுத்து வந்தார் அப்பா. தெருமுனையில் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். "என்ன சார், கண்ணாடியா?" அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆமா, கண்ணாடிதான்." மறுநாள் அந்த வீட்டு அம்மாள் கண்ணாடியைப் பார்க்க வந்து நின்றாள். அந்த வாரமே அம்மா அவசர அவசரமாக ஒரு நிலைக்கண்ணாடி வாங்கி மாட்டினாள். அதில் பார்த்துத்தான் பிள்ளைகள் மூவரும் தலைவாரி வளர்ந்தார்கள்.

நட்டு பாத்ரூமில் மண்டியிட்டு அளவெடுத்தாள். இரண்டு துளைகளுக்கு நடுவே எவ்வளவு, அகலம் எவ்வளவு, துளையிலிருந்து முன் விளிம்பு வரை எவ்வளவு. அளவுநாடாவை நம்பாமல், காகிதத்தை விரித்து கம்மோடு வாயின் வடிவத்தையும் பென்சிலால் வரைந்துகொண்டாள்.

கடைக்காரர் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாரும் வந்து 'நார்மல் சைஸ் குடுங்க'ம்பாங்க. மறுநாள் திருப்பிக் கொண்டு வருவாங்க. நீங்கதாம்மா விவரம்." பிறகு ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து, மூடியை உயர்த்தி, கையை விட்டார். மூடி தூங்கப் போகிற குழந்தையைப் போல மெதுவாக இறங்கியது. "சத்தமே வராது. ஆடாது, அசையாது. வயசானவங்களுக்கு இதான் நல்லது." அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. யோசிக்காமல் வாங்கிவிட்டாள்.

பழைய சீட்டு லேசில் விடுகிற ஜாதி இல்லை. அடியிலிருந்த நட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு அரை மணி காத்திருந்தாள். அசையவில்லை. கடைசியில் ரம்பத் தகட்டைச் செருகி அறுத்தாள். கழுத்து சுளுக்கிக்கொண்டது. சீட்டு கையோடு வந்தபோது புரட்டிப் பார்த்தாள். அடியில் நான்கு ரப்பர் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான்.

நான்காவது வாங்கிய மாதமே கழன்று தண்ணீரோடு போய்விட்டது. அன்றிலிருந்து யார் உட்கார்ந்தாலும் சீட்டு ஒருபக்கம் சாய்ந்து பீங்கானில் 'டக்' என்று தட்டும். எழுந்தால் இன்னொரு 'டக்', கொஞ்சம் சன்னமாக. முதல் 'டக்' கேட்டதும் வீடே விடுதலை பெற்றுவிடும். அண்ணன் கூடத்தில் பந்து உதைப்பான். தங்கை சர்க்கரை டப்பாவைத் திறப்பாள். அம்மா அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னலில் காலைத் தூக்கிப் போட்டு வாரப் பத்திரிகை படிப்பாள். இரண்டாவது 'டக்' கேட்டால் மூன்றே நொடி. அப்பா வெளியே வரும்போது வீட்டில் பூனைகூடப் பாடம் படித்துக்கொண்டிருக்கும். அந்த இருபது நிமிடங்களைப் போல ஒரு சந்தோஷம் அவளுக்குப் பிறகு எங்குமே கிடைக்கவில்லை. கையில் சீட்டோடு ஈரத் தரையில் உட்கார்ந்து, தன்னை மறந்து சிரித்தாள்.

புதியது பத்து நிமிடத்தில் பொருந்தியது. கையால் முறுக்கி, பிறகு கருவியால் கால் சுற்று மட்டும் கொடுத்தாள். அதற்கு மேல் போனால் பீங்கான் விரிசல் விடும். ஏறி உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். மலைபோல் நின்றது.

"கை கழுவிட்டு வரேன்," என்று அப்பா போனார்.

சமையலறையில் அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னும் கேட்டாள். பிறகு சட்டென்று எழுந்து, சுவரைத் தடவி வேகமாக நடந்தாள். வேகம்தான் வினையாயிற்று. பாத்ரூம் படியில் கால் இடறி முன்னால் சாய்ந்தவளை நட்டு பாய்ந்து பிடிக்காவிட்டால் நெற்றி கதவில் போயிருக்கும்.

"யாரது?" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

"நான்தான். சும்மா."

"எங்கம்மா இவ்வளவு அவசரமா ஓடின?" என்றாள் நட்டு.

அம்மா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "சத்தம் வரலையேடி. அந்த டக் கேட்டாத்தான் உக்காந்துட்டார்னு தெரியும். ரெண்டாவது கேட்டாத்தான் நல்லபடியா எழுந்துட்டார்னு தெரியும். எனக்குக் கண்ணா தெரியுது? காதை வெச்சுத்தானே அவரைப் பாத்துக்கறேன். இப்ப உள்ள போனவர் இருக்காரா விழுந்தாரான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அப்பா விழாமல் இருக்க வாங்கிய சீட்டு அம்மாவை விழவைக்கப் பார்த்ததே என்று நட்டுவுக்கு அழுகை முட்டியது. "அப்பாவையே ஒரு குரல் குடுக்கச் சொல்லேன்."

"யாரு, உங்கப்பாவா? நல்லா குடுப்பாரே!"

மெல்லிய கதவு. உள்ளே எல்லாம் கேட்டிருக்கும். அப்பா வெளியே வந்தார், யார் முகத்தையும் பார்க்காமல் செய்தித்தாளை எடுத்துப் பிரித்தார். பிற்பகல் முழுவதும் அந்த ஒரே பக்கம்தான் படித்தார்.

நட்டு ஒரு ரப்பர் குமிழைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். சத்தம் வரும். கூடவே ஆட்டமும், நாளடைவில் விரிசலும் வரும். திரும்பப் பொருத்திவிட்டாள். மாடிவீட்டைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

சாயங்காலம் டீ குடித்துவிட்டு அப்பா எழுந்தார். "கை..." என்று தொடங்கி, முடிக்காமல் போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அம்மா நாற்காலியின் கையைப் பற்றிப் பாதி எழுந்துவிட்டாள்.

"உக்காந்துட்டேன்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். சீட்டைக் கண்ணாடி என்று சொன்ன மனிதர்! நட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அம்மா மெல்லத் திரும்ப உட்கார்ந்தாள், கல்யாணப் பெண்ணைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிங்க," என்றாள்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து, இந்த முறை தணிந்த குரலில், ஏதோ வெட்கத்தோடு கேட்டார்.

"நீ... இருக்கியா?"

அவருக்கும் இத்தனை நாளாக உள்ளே உட்கார்ந்தபடி காதெல்லாம் வெளியே அம்மா மீதுதான் இருந்திருக்கிறது என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவுக்கு அதுவும் முன்பே தெரியும் போலிருக்கிறது.

"இருக்கேங்க," என்றாள் அம்மா. "இங்கதான் இருக்கேன்."