இரண்டு மடிக்கு ஒரு பிலிம்

“மூத்தவன் நான் கல்லு மாதிரி இருக்கேன். எம் மடியிலதான் புள்ளைக்குக் காது குத்தணும். சொல்லு பொற்கொடி, அவன்கிட்ட!”

“மாப்பிள்ளைக்கு விசா வாங்கிக் குடுத்தது யாரு, மூத்தவரா? நீ சொல்லு பொற்கொடி, அவருகிட்ட!”

“விசா குடுத்தவன் ஏர்போர்ட்டுல போயி மடி குடுக்கட்டும். இது கருப்பர் கோயிலு!”

“நான் மட்டும் என்ன வேத்தாளா? நானும் தாய்மாமன்தான்னு சொல்லு!”

பொற்கொடி இருவருக்கும் நடுவில் நின்றாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு மகன் செம்மல் அவள் இடுப்பில் இருந்தான். பெரியண்ணன் நாகராசு பக்கம் ஒரு தரம், சின்னண்ணன் அறிவுச்செல்வன் பக்கம் ஒரு தரம் என்று திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்ததுதான் அவளுக்கு மிச்சம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று ஆரம்பித்த சண்டை. அன்று முதல் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் பேச்சு தங்கை வழியாகத்தான் போய்வரும்.

என் மடியில் குத்தாவிட்டால் உன் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று இருவரும் தனித்தனியாக, சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தையில் முதல் நாளே அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். புருசன் சிவபிரகாஷோ சார்ஜாவில். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருப்பது இந்த இரண்டு பேரும்தான்.

காது குத்த வந்த ஆசாரி ஊசியைப் பிடித்தபடி கொட்டாவி விட்டார். “நல்ல நேரம் போகுது ஆத்தா. எந்த மடியா இருந்தா என்ன, காது ஒண்ணுதானே?”

“ஒண்ணா? ரெண்டுல்ல இருக்கு!” என்றாள் பொற்கொடி.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே விளங்கியது. வலது காது பெரியண்ணன் மடியில். இடது காது சின்னண்ணன் மடியில். அண்ணன்கள் இருவரும் ஆளுக்கொரு தூணைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்கள். வலது பெரியதா இடது பெரியதா என்று கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு ஒருவாறு ஒத்துக்கொண்டார்கள்.

“சரி. போட்டோ?” என்றார் நாகராசு.

“அதானே, போட்டோவுல யாருன்னு கேளு. ஓட்டை எல்லாருக்கும்தான் இருக்கு. சுவத்துல தொங்கப்போறது போட்டோதானே!”

அங்கேதான் வந்தது சிக்கல். அந்தக் கோயிலில் செல்போன் ஆகாது. போன வருசம் சாமியாடி வீரய்யாவுக்கு அருள் வந்து நின்றபோது எவனோ செல்லை நீட்டி முகத்தில் பளிச்சென்று அடித்துவிட்டான். “எங் கண்ணுல வெளிச்சம் அடிக்கிறவன் எவன்டா?” என்று கருப்பர் கேட்ட கேள்விக்கு ஊரில் யாரும் இன்றுவரை பதில் சொல்லவில்லை. அதிலிருந்து செல்லும் கூடாது, ஃபிளாஷும் கூடாது. வந்த சனத்தின் செல்போன் எல்லாம் வாசலில், சீர்வரிசையில் வந்த அண்டாவுக்குள் போட்டுத் தட்டால் மூடியிருந்தது. நிமிசத்துக்கு ஒரு தரம் அண்டா பக்திப்பாட்டுப் பாடியது. அதில் பாதி சிவபிரகாஷ் சார்ஜாவிலிருந்து கூப்பிடுவது.

நாத்தனார் வைஷ்ணவி மட்டும் பழைய பிலிம் கேமராவோடு உள்ளே வந்திருந்தாள். வீரய்யா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“பின்னாடி ஒண்ணுமே தெரியலியே?”

“தெரியாதுங்கய்யா. கழுவுனாத்தான் படம்.”

“வெளிச்சம் அடிக்குமா?”

“அடிக்காது. இது கம்மி வெளிச்சத்துலயே படம் விழுகுற நானூறு நம்பர் கலர் ரோலுங்கய்யா. வெளக்கு வெளிச்சமே போதும்.”

“அப்ப இது செல்லு இல்ல. கருப்பரு கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்று திருப்பிக் கொடுத்தார்.

பொற்கொடி நாத்தனாரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். “ரெண்டு மாமனுக்கும் ஆளுக்கொரு படம் எடுத்துரு, வைஷ்ணவி.”

“அண்ணி, ஒண்ணுதான் இருக்கு.”

“காலையில முப்பத்தாறுன்ன?”

“ஆட்டுக்கு அஞ்சாறு போச்சு. கெடா கேமராவையே பாத்துக்கிட்டு நின்னுச்சுண்ணி. நாயி ஒண்ணு குதிரைச் செலைக்குக் கீழ தூங்குச்சு. அப்பறம் வாசல்ல செருப்பெல்லாம் குமிஞ்சு கெடந்துச்சா, அதுக்கு நாலு…”

“செருப்புக்கு நாலு! எங்கண்ணனுகளுக்கு ஒண்ணா?”

“வெளிச்சம் அழகா விழுந்துச்சுண்ணி.”

“எம் பொழப்புல இடி விழுகுது! இப்ப என்ன செய்யிறது?”

வைஷ்ணவி கேமராவைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் ஒரு குட்டிப் பட்டன். “இத அழுத்திக்கிட்டு லீவரை இழுத்தா பிலிம் நகராது. ஒரே படத்து மேல ரெண்டு தரம் எடுக்கலாம். பெரிய மாமா இங்கிட்டு ஓரமா, சின்ன மாமா அங்கிட்டு ஓரமா உக்காந்தா ரெண்டு பேரும் ஒண்ணா விழுவாங்க. புள்ளதான் ரெண்டா தெரியும்.”

“தெரிஞ்சா தெரியட்டும். ஒண்ணு பெத்ததுக்கு ரெண்டு லாபம். ஆனா அவுங்ககிட்ட மூச்சு விட்டுராத.”

பொற்கொடி பெரியண்ணன் காதில் போய், “கடைசிப் படம் ஒங்களுக்குத்தாண்ணே, வெளிய சொல்லிக்கிறாதீங்க” என்றாள். மறுபக்கம் போய்ச் சின்னண்ணன் காதிலும் அதையே சொன்னாள். இருவரும் ஒரே மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார்கள்.

நாகராசு வெள்ளைச் சட்டையோடு மணைப்பலகையில் உட்கார்ந்தார். விளக்குக்கு நேர் எதிரே, நட்டநடுவில்.

“மாமா, கொஞ்சம் இங்கிட்டு ஓரமா.”

“ஓரமா உக்கார நான் என்ன பந்திக்கு வந்தவனா? மூத்தவன் நடுவுலதான் உக்காருவேன்.”

வலது காதில் ஊசி இறங்கியது. செம்மல் கோயில் அதிர வீரிட்டான். கேமரா ‘க்ளக்’ என்றது. வைஷ்ணவி பட்டனை அழுத்திக்கொண்டு லீவரை இழுத்தாள். அடுத்து நீலச் சட்டையில் அறிவுச்செல்வன் வந்தார்.

“மாமா, நீங்களாவது அங்கிட்டுத் தள்ளி…”

“ஏம்மா, அவரு உக்காந்த எடத்துல நான் உக்காரக் கூடாதோ?”

பலகையில் அதே இடத்தில், இம்மி பிசகாமல் உட்கார்ந்தார். இடது காதில் ஊசி இறங்கும் முன்பே பொற்கொடி பிள்ளையின் வாயில் வாழைப்பழத்தைத் திணித்துவிட்டாள். ‘க்ளக்’.

பிலிம் கழுவுவதற்குக் கூரியரில் சென்னைக்குப் போனது. அது வரும்வரை அண்ணன்கள் இருவரும் விடிந்தால் போன். “படம் வந்துருச்சா?” அறந்தாங்கியில் கண்ணாடிச் சட்டத்துக்குச் சொல்லிவைத்துவிட்டார் நாகராசு. அறிவுச்செல்வன் ஃபிளெக்ஸுக்கே அளவு கொடுத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைஷ்ணவி படத்தோடு வந்தாள். சேதி எப்படிப் போனதோ, அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் வந்து நின்றன.

படத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தார். இருட்டில் ரவையைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக, ஆனால் களையாக உட்கார்ந்திருந்தார். சட்டை வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை. மீசை நாகராசுவுடையதைவிட நீளம், அறிவுச்செல்வனுடையதைவிட அடர்த்தி. பிள்ளையைச் சுற்றி நான்கு கைகள். பிள்ளையின் வாயில் ஒரே நேரத்தில் அழுகையும் வாழைப்பழமும்.

“இந்தா பாரு, எம் மூக்கு!” என்றார் நாகராசு.

“ஓம் மூக்கா? அது அப்பாரு மூக்கு!”

“அப்பாரு மூக்கு எனக்குத்தாண்டா வந்துச்சு.”

“ஒனக்கு வந்துச்சுன்னா எனக்கு என்ன வாடகைக்கா வந்துச்சு? நெத்தியப் பாரு. இது எந் தழும்பு. கெணத்துல குதிச்சப்ப பட்டது.”

“குதிச்ச! நான்தானடா தள்ளிவிட்டேன்?”

“அப்ப ஒத்துக்கிற!”

பொற்கொடி அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். ‘சொல்லு பொற்கொடி’ என்கிற வார்த்தை வெகுநேரமாக வரவேயில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே படத்தை ஆளுக்கொரு முனையில் பிடித்து, முகத்துக்கு முகம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருமினால் கலைந்துவிடும் என்று அவள் காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

“எங்கண்ணனுக்கு இப்பத்தான் படத்தை அனுப்புனேண்ணி” என்று வைஷ்ணவி மெதுவாகச் சொன்னாள். சொல்லி வாய் மூடவில்லை, பொற்கொடியின் போன் அடித்தது. சார்ஜா.

“ஸ்பீக்கர்ல போடு” என்றார் நாகராசு.

“ஆமா, போடு. மாப்பிள்ளைக்குத் தெரியும் அது யாருன்னு” என்றார் அறிவுச்செல்வன்.

போட்டாள். சிவபிரகாஷின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“பொற்கொடி, படம் பாத்தேன். புள்ள அம்சமா இருக்கான். அதெல்லாம் சரி, மச்சானுக ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் அங்க இருக்கையில, எம் மவனத் தூக்கி அந்த மூணாவது ஆளு மடியில எதுக்கு உக்கார வச்ச? யாரு அவரு?”