அழுகிற படம் வேண்டாம்

பழைய புகைப்படங்களையும் குரல் பதிவுகளையும் சேர்த்துக் காக்கும் ஆவணக் காப்பகம் அது; லாப நோக்கில்லாத தொண்டு அமைப்பு. அதன் மக்கள் தொடர்புத் தலைவிக்கு அலுவலகத்தில் 'ஒலிபெருக்கி' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லத்தானே சம்பளம்?

பல வருடங்களுக்கு முந்தைய பெருவெள்ளத்தைப் பற்றிய கண்காட்சி திறக்க ஒரு வாரம் இருந்தது. ஊரெங்கும் அவள் தேர்ந்தெடுத்த சுவரொட்டி: நிவாரண முகாம் வாசலில், கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு அழும் இளம்பெண். பார்த்தவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள். ஒலிபெருக்கிக்கு உள்ளூரப் பெருமை.

அன்று காலை, கழுத்தில் அளவு டேப்போடு ஓர் அம்மாள் நேராக அவள் மேசைக்கு வந்தார். கையில் கிழித்தெடுத்த சுவரொட்டி.

"இது நான்தான்."

அதே தாடை, புருவத்தில் அதே வெட்டு. ஒலிபெருக்கி எழுந்து நின்றுவிட்டாள்.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணியாலதான் இந்தப் படமே வந்துச்சு, போதும். தையக்கடை வெச்சிருக்கேன். எட்டுப் பேருக்கு வேலை குடுக்கறேன். கடையத் திறந்தா எதிர்ச் சுவத்துல நானே அழுதுட்டு நிக்கறேன். அளவு குடுக்க வந்த பொண்ணு, 'ஐயோ பாவம், யாரோ'ங்குது. நான் பாவமா?"

சத்தம் கேட்டு வந்த இயக்குநர் ஒலிபெருக்கியை ஓரமாக அழைத்தார். "படம் எடுத்தவர் நமக்கு உரிமைய எழுதிக் குடுத்திருக்கார். சட்டப்படி தப்பில்ல. திறப்பு விழா வேற தலைக்கு மேல நிக்குது."

"சட்டம் நம்ம பக்கம்தான் சார். ஆளு உயிரோட வந்து நிக்கிறாங்களே! அவங்க கதைய அவங்க முகம் சுளிக்கிற மாதிரி சொன்னா, நாளைக்கு யாரு நம்மள நம்பிப் படம் குடுப்பாங்க? மாத்திடலாம். பொறுப்பு என்னோடது."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்கு அது போதும்.

"நீங்களா இருந்தா எந்தப் படத்தம்மா போடுவீங்க?" என்று திரும்பி வந்து கேட்டாள்.

சண்டைக்கு வரிந்துகட்டி வந்தவருக்குச் சுருதி இறங்கியது. "அழுதது ஒரு நாளுதான். மறுவாரமே யாரோ ஒரு மெஷின் குடுத்தாங்க. முகாம்ல இருந்த பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தான் சட்டை தெச்சேன். அப்பவும் அந்தப் படக்காரர் சுத்திச் சுத்தி வந்தாரு. வெளிச்சத்த மறைக்காதய்யான்னு திட்டினேன்."

இருவரும் குளிரூட்டிய சேமிப்பறைக்குப் போனார்கள். காப்பாளர் நெகட்டிவ் உறைகளைப் பிரித்து அடியில் விளக்கெரியும் ஒளிமேசைமேல் பரப்பினார். கூரைகள், படகுகள், சோற்று வரிசை. மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. அம்மாள் சட்டென்று காப்பாளரின் கையைப் பிடித்தார்.

"நில்லுங்க, இதான்!"

மெஷின் முன் உட்கார்ந்து, பல்லில் நூலைக் கடித்தபடி, படம் எடுப்பவரை முறைக்கும் பெண். பின்னால் ஒரு பயல் ஒற்றைக் கை வைத்த சட்டையோடு ஆடிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு கை வெக்கறதுக்குள்ள ஓடிட்டான், படவா!" அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

அச்சகம் ஒலிபெருக்கியின் அக்காவுடையது; போனில் பொரிந்தாள். "ஏன்டி, போன வாரந்தானே அடிச்சுக் குடுத்தேன்? என் மெஷின் என்ன உன் வீட்டு மிக்ஸியா?"

"படத்தப் பாரு அக்கா. அப்புறம் திட்டு."

படம் போய்ச் சேர்ந்தது. "நாளைக்கு ஆளனுப்பு" என்றாள் அக்கா.

சுவரொட்டி ஏன் மாறியது என்பதை ஒலிபெருக்கி மறைக்கவில்லை. 'இவர் எங்களிடம் வந்தார். தன்னை இப்படி நினைவில் வைக்கச் சொன்னார்' என்றே பத்திரிகைகளுக்கு எழுதினாள். செய்தி வந்ததும் அந்த முகாமில் இருந்தவர்கள் போன் மேல் போன் போட்டார்கள். எடுத்துப் பேச ஆள் போதவில்லை.

திறப்பு விழாவுக்கு அம்மாள் தன் கடையில் வேலை செய்யும் எட்டுப் பேரோடும் வந்தார். தன் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "அந்த அழுத படத்த எரிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எரிக்க மாட்டோம்மா. அதுவும் நடந்ததுதானே? பத்திரமா இருக்கும். உங்களக் கேக்காம வெளிய வராது."

அம்மாள் யோசித்தார். "சரி, இருக்கட்டும். என் மகன் கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்த படம் வேற ஏது? ஒரு பிரதி மட்டும் குடு."