பைக்கு அடியில் ஒரு கை

அரங்கசாமி எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். கார்த்திகை மாதம் மஞ்சள் காமாலையில் அவன் செத்துப்போனான். என்னிடம் வாங்கியதில் பாதி ஆஸ்பத்திரிக்குப் போனது. மீதி ஒரு முதுகுப்பை தைக்கப் போனது.

போத்தனூர் கூட்ஸ் ஷெட்டில் நானும் அவனும் ஜோடி. வருசம் முழுக்க உரமும் சிமெண்டும் தூக்குவோம். பங்குனி பிறந்தால் வெள்ளிங்கிரி அடிவாரத்துக்குப் போய்விடுவோம். ஏழு மலை ஏறிச் சாமி கும்பிட வருகிறவர்களின் சாமான்களை எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசித் தூக்கிப் போவோம்.

ஏற்றம் செங்குத்தாக இருக்கும் இடத்தில், பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனின் மூட்டைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து ஏந்திக் கொடுப்பான். மூட்டையில் ஒரு தட்டுத் தட்டினால் நட என்று அர்த்தம். இரண்டு தட்டினால் நில். ஏறும்போது பேச மூச்சு மிஞ்சாது. அதனால் எங்களுக்குள் இப்படி ஒரு ஏற்பாடு.

அரங்கசாமிக்கு ஒரு கிறுக்கு உண்டு. கூலி பேசும் முன்பே ஆட்களின் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, வேண்டாததை எல்லாம் வெளியே எடுத்து வைப்பான். "இத்தாம் பெரிய பித்தளைச் சொம்பு எதுக்குங்க? பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி எறங்காதுங்களா? மூணு துண்டு வெச்சிருக்கறீங்க, மலை மேல சலவைக்கடை போடறீங்களா?" என்பான். அவர்களும் சிரித்துக்கொண்டு எடுத்து வைப்பார்கள். எடை குறைந்தால் எங்கள் கூலியும் குறையும். மற்ற ஆட்கள் அவனைக் கேலி செய்வார்கள். அவன் அசர மாட்டான். "இன்னைக்கு முப்பது கிலோ தூக்குனவன் நாளைக்குப் படுத்துக்குவான். பதினஞ்சு தூக்குனவன் நாளைக்கும் வருவான், போ" என்பான்.

கடைசி வருசம் உக்கடத்தில் தையல்கடை வைத்திருக்கும் அப்துல் நாசர் பாயைப் பிடித்து ஒரு பை தைத்தான். பாராசூட் துணி. முதுகுப் பக்கம் பழைய பஸ் சீட்டு ஸ்பாஞ்சு, அதற்குள் வளைத்து வைத்த அலுமினியப் பட்டை. இடுப்பில் மாட்ட, பழைய இரும்புக் கடையில் எடுத்த கார் பெல்ட்டும் அதன் பூட்டும். பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும் என்றான். இதைப்போல நாலைந்து தைத்து அடிவாரத்தில் வாடகைக்கு விடுவது அவன் திட்டம். ஒரு பை முடிந்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் கண் மஞ்சளாகிவிட்டது.

கருமாதி அன்று அவன் பெண்டாட்டி மாசாணியம்மாள் எல்லோர் முன்னாலும் நின்று கேட்டாள்.

"அவரு யாருக்காச்சும் குடுக்க வேண்டியது இருந்தாச் சொல்லிப்போடுங்க. கேட்டு வாங்கிக்கங்க, இல்லீனா விட்டுட்டேன்னு சொல்லிருங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவள் பார்வை என் மேல் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் பணம் கேட்க யாருக்கும் வாய் வராது. விட்டுட்டேன் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

"அதுக்கென்ன அம்மணி, பாத்துக்கலாம்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். மரியாதையாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பார்கள். என் பெண்டாட்டி பழனியாத்தாள் மட்டும் பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"பாத்துக்கலாம்னா என்னங்க அர்த்தம்? வேணுமா, வேண்டாமா?"

"சும்மா இரு. எழவூட்டுல போயி..."

"ஓடு மாத்த அந்தப் பணந்தான் இருக்குதுன்னு சொன்னது நீங்கதான. மழைக்கு ஊட்டுக்குள்ள இனிமேல் வெக்கக் குண்டா இல்லீங்க. உங்க பாத்துக்கலாமை ஒழுகற எடத்துல வெச்சுக்கலாமா?"

பங்குனியில் மாசாணியம்மாளே ஆள் விட்டுக் கூப்பிட்டாள். அன்னூரில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வெளியே அந்தப் பை கிடந்தது.

"அண்ணா, பணம் பொரட்ட இன்னும் கொஞ்சம் நாளாகும். இப்போதைக்கு இதை எடுத்துட்டுப் போயிருங்க. எனக்கு இது ஊட்டுல இருக்க வேண்டாம்."

"ஏன் அம்மணி?"

"ராத்திரி பெல்ட்டைக் கழட்டி ஆணியில மாட்டறேன். காத்தால பாத்தாப் பூட்டிக் கெடக்குதுங்க."

"எலி கிலி..."

"எலி பூட்டுமா அண்ணா?" என்றாள். "ஆள் இல்லாமப் பூட்டுனா பெல்ட்டு தொவண்டு தொங்கோணும்ல. அவரு இடுப்பு அளவுக்குச் சரியா நிக்குது."

நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். புருசன் செத்த வீட்டில் எல்லாம் அப்படித்தான் தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருசம் எனக்கு ஜோடி இல்லை. அடிவாரத்தில் திருமலைசாமி என்பவர் அகப்பட்டார். கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். முழங்கால் வலி. ஆனாலும் வேண்டுதல். மடக்கு நாற்காலி, போர்வை, காற்றடிக்கும் தலையணை, பிளாஸ்க், டிரான்சிஸ்டர், மூன்றடுக்குச் சாப்பாட்டுத் தூக்குப்போசி என்று கொண்டு வந்திருந்தார்.

"நாற்காலி வேணுமுங்களா?" என்று கேட்டேன்.

"தம்பிதுரை, எனக்குக் கீழ உக்காந்தா எந்திரிக்க வராதுங்க. எளுப்பி உடறதுக்குத் தனிக்கூலி கேப்பீங்களா?"

நாற்காலியும் வந்தது. கனமானதை எல்லாம் முதுகை ஒட்டி நடுவில் வைத்தேன். போர்வையை அடியில் திணித்தேன். அரங்கசாமி சொல்லிக்கொடுத்த மாதிரிதான். எடை இருபத்திரண்டு கிலோ நின்றது. இடுப்பு பெல்ட்டைப் பூட்டி, விடியலில் ஏறத் தொடங்கினோம்.

முதல் மலையில் பாரம் பாரமாகவே இருந்தது. தோள் வலிக்கவில்லை, இடுப்பு எலும்பில் உட்கார்ந்திருந்தது. நல்ல பைதான் தைத்திருக்கிறான் என்று நினைத்தேன். இரண்டாவது மலையில் வழுக்குப் பாறை தாண்டும்போது பாரம் குறைந்தது. மூன்றாவது மலையில் இன்னும் குறைந்தது. ஏதாவது விழுந்துவிட்டதோ என்று கையைப் பின்னால் விட்டுத் துழாவினேன். பை நிறையத்தான் இருந்தது. திருமலைசாமி மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, பைக்கு அடியில என்ன வெச்சீங்க?"

"உங்க போர்வைங்க."

"போர்வைன்னா பிதுங்கி வெளிய வரோணும். இது உள்ளுக்கல்ல போயிருக்குது. கீழ இருந்து அமுக்குன மாதிரி ஒரு பள்ளம்." கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி சொன்னார். "துணி மெலிசா இருக்கறதால நல்லாத் தெரியுதுங்க. நாலு வெரலு மாதிரி இருக்குது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் பையின் அடியில் ஒரு தட்டு விழுந்தது.

நட.

திரும்பிப் பார்த்தேன். திருமலைசாமி கை எட்டும் தூரத்தில் இல்லை. நான் நின்றதும் மறுபடியும் ஒரு தட்டு. சத்தம் வரவில்லை. முதுகெலும்பில்தான் தெரிந்தது. நடந்தேன். நடக்க நடக்கப் பாரம் இல்லாமல் போனது. ஐந்தாவது மலையில் வெறும் ஆளாகத்தான் ஏறினேன். நாற்பது வயசுக்கு மேல் அப்படி ஒரு சுகத்தில் நான் மலை ஏறியதே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

உட்காரலாம் என்று ஒரு கல்லைப் பார்த்து ஒதுங்கினேன். பை என்னை உட்கார விடவில்லை. அடியில் ஏந்தியிருந்த கை அப்படியே தூக்கிப் பிடித்தது. ஒரு தட்டு. இன்னொன்று. இரண்டாகச் சேர்த்துத் தட்டுவான், தட்டுவான் என்று காத்திருந்தேன். ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"மெதுவாப் போங்க" என்று திருமலைசாமி கத்துவது கேட்டது. "நானென்ன கழுதையா உங்க பின்னால ஓடறதுக்கு?"

பனி இறங்கிவிட்டது. மணல் பாதை சறுக்கும் இடம் அது. இடது பக்கம் புல்லும், புல்லுக்கு அப்புறம் ஒன்றுமில்லாமலும் இருக்கும். அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. என் கால்கள் ஓட்டமும் நடையுமாகப் போயின. நான் போகவில்லை, கால்கள் போயின. இடுப்புப் பூட்டை அழுத்தினேன். திறக்கவில்லை. வயிற்றோடு இறுகியிருந்தது. பெல்ட்டுக்குள் ஒரு விரல் நுழைய இடமில்லை.

அவன் என்னைக் கொல்ல வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது. உயிரோடு இருந்தபோதும் அவன் அப்படித்தான். கை நீட்டிக் காசு வாங்கினால், வேலை செய்து கழிக்கும் வரை சோறு இறங்காது. இப்போதும் கழித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு தூக்கினால் கழியும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் அவன் நிற்கப்போவதில்லை. பனியில் பாதை எது, பள்ளம் எது என்று செத்தவனுக்கு என்ன வித்தியாசம்?

"அரங்கசாமி" என்றேன். மூச்சு வாங்கியது. "பணத்துக்கு என்னப்பா அவசரம். பாத்துக்கலாம்."

தள்ளு பலமாக விழுந்தது. பாதை ஓரத்துப் புல்லில் ஒரு கால் வைத்துவிட்டேன். கூழாங்கல் ஒன்று உருண்டு போனது. அது விழுந்த சத்தம் வரவே இல்லை.

பழனியாத்தாள் வைத்த குண்டாக்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஓட்டுக்காரனிடம் விலை கேட்டு வைத்திருந்ததும் வந்தது. அந்த நிலையிலும் அந்தப் பணத்தை விட மனசு வரவில்லை. அவனுக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும். இன்னொரு தட்டு விழுந்தது. இந்தத் தடவை கனமாக.

"எனக்கு வேண்டாம்" என்றேன். "அந்தப் பணம் எனக்கு வேண்டாம். ஆயிரத்து எழுநூத்தி நாப்பதையும் விட்டுட்டேன். நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல. தூக்குனது போதும், கையை எடு."

கை போய்விட்டது.

இருபத்திரண்டு கிலோவும் ஒரே தடவையில் இடுப்பில் இறங்கியது. முழங்கால் மடங்கி அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டேன். தோள்பட்டை எரிந்தது. நாற்காலியின் கம்பி முதுகில் குத்தியது. அந்த வலி எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. விரல் பட்டதும் பூட்டு திறந்துகொண்டது.

திருமலைசாமி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது.

"யாருகிட்டங்க பேசிட்டிருந்தீங்க?"

"ஜோடிகிட்ட."

அவர் பையின் அடியைக் குனிந்து பார்த்தார். துணி நிமிர்ந்து, போர்வை பிதுங்கிக்கொண்டிருந்தது. மீதி மலைக்கு நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டார்.

இறங்கியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. அன்னூர் பஸ் பிடித்தேன். மாசாணியம்மாள் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சேலையில் மண் அப்பியிருந்தது.

"நாளைக்குக் கொஞ்சம் குடுத்தர்றனுங்க அண்ணா" என்று ஆரம்பித்தாள்.

"வேண்டாம் அம்மணி."

"பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க."

"சொல்லல. விட்டுட்டேன். அவன்கிட்டயே சொல்லிட்டேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"இவங்க முன்னால இன்னொருக்காச் சொல்லுங்கண்ணா."

சொன்னேன். தொகையையும் சேர்த்துச் சொன்னேன். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதோடு கணக்குத் தீர்ந்தது.